நடனப் பள்ளிக்கு நான் வரைந்த வரைபடம்

செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு ஸ்கேன் சென்டரின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வரைபடம் தயாரித்துக் கொடுப்பதுதான் தொழில். குடிநீர்க் குழாய் எந்த வழியாகப் போகலாம், பெட்ரோல் பங்க் எங்கே வைத்தால் வண்டிகள் நிற்கும், மனைப் பிரிவில் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும் என்றெல்லாம் கேட்டு ஆட்கள் வருவார்கள். நாங்கள் நான்கு பேர் இருந்தோம். புவியியல் படித்துவிட்டு அங்கே சேர்ந்து நான் ஐந்தாவது வருடத்தில் இருந்தபோது நடனப் பள்ளிக்காரர்கள் வந்தார்கள்.

சென்னையில் அவர்களுக்கு ஏற்கெனவே சில பள்ளிகள் இருந்தன. பரதநாட்டியமும் சொல்லிக்கொடுப்பார்கள், சினிமாப் பாட்டுக்கு ஆடுகிற நடனமும் சொல்லிக்கொடுப்பார்கள். செங்கல்பட்டிலும், திருவிடந்தையிலிருந்து செய்யூர் வரையான கடற்கரைப் பக்கத்திலும் புதிதாக மூன்று இடங்களில் பள்ளி தொடங்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று நாங்கள் சொல்ல வேண்டும். இதுதான் வேலை. பள்ளியின் உரிமையாளர் மேடையில் ஆடிப் பழகிய அம்மாள். ஐம்பது வயதைத் தாண்டியவர், எங்கள் அலுவலகத்தின் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியிலும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். கூடவே அவருடைய மேனேஜர் ஒருவர் வந்திருந்தார். கணக்குவழக்கு, ஆள் எடுப்பது, கட்டடம் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

அன்று அந்த அம்மாள் சொன்ன ஒன்றை நான் குறித்துவைத்துக்கொண்டேன். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தால் போதாது, அம்மாக்கள் ஒரு மணி நேரம் காத்திருக்க முடிகிற இடமா என்று பார்க்க வேண்டும் என்றார். வண்டி நிறுத்த நிழல் வேண்டும், பக்கத்தில் ஒரு காய்கறிக் கடையாவது இருக்க வேண்டும். அப்புறம், தரைத்தளமாக இருக்க வேண்டும். மாடியில் வைத்தால் பிள்ளைகள் பாதத்தைத் தரையில் தட்டித் தட்டடவு போடும்போது கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார். இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

நான் நடனம் கற்றதில்லை. என் அக்காதான் ஆடுவாள். டிவியைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு பள்ளி ஆண்டு விழாவில் ஆடியவள். வயதுக்கு வந்த வருடம் அதை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்திவிட்டாள். இப்போது செங்கல்பட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். மாமாவுக்குக் கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை என்பதால் மூவரும் எங்கள் பெற்றோரோடு ஊரிலேயே இருந்தார்கள். நான் செங்கல்பட்டில் ஒரு மகளிர் விடுதியில் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஊருக்குப் போய்வருவேன்.

ஊர் என்று எழுதுகிறேன். சரியாகச் சொன்னால் நாங்கள் காலனி. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் நாங்கள். தாத்தா காலம் வரை அந்தப் பக்கத்து நிலங்களில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா அரசு வேலைக்குப் போய்விட்டார். இப்போது எங்கள் தெருவில் நர்ஸ் இருக்கிறார், ஆசிரியர் இருக்கிறார், லாரி வைத்திருப்பவர் இருக்கிறார். ஆனாலும் அலுவலகத்தில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் நான் செய்யூர் பக்கம் என்பேன். செய்யூர் பக்கம் என்றால் நெல்வயலும் சவுக்குத் தோப்புமாகப் பரந்து கிடக்கிற பெரிய நிலம். அதற்குள் யாரும் யாரையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

வேலையை ஆர்வத்தோடு ஆரம்பித்தேன். செய்முறை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. ஒரே நிலத்தின் மேல் கண்ணாடித் தாள்களை அடுக்குவது மாதிரிதான். ஆறிலிருந்து பதினான்கு வயது வரை உள்ள பெண்பிள்ளைகள் எங்கே அதிகம் என்பது ஒரு தாள். பள்ளிக்கூடங்கள் ஒரு தாள். ஏற்கெனவே நடன வகுப்பு நடக்கிற இடங்கள் ஒரு தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்கூட்டியில் பத்து நிமிடத்துக்குள் எங்கிருந்தெல்லாம் வர முடியும் என்பது ஒரு தாள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று மதிப்பெண் கொடுத்து எல்லாவற்றையும் சேர்த்தால், நல்ல இடம் பச்சையாகவும் ஆகாத இடம் சிவப்பாகவும் தெரியும்.

சாலை நேரத்தைச் சரிபார்க்க நானே வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றினேன். திருவிடந்தையில் கல்யாணம் கூடிவர வேண்டும் என்று மாலையோடு கோயிலைச் சுற்றுகிறவர்கள் வந்த கார்கள் ஈசிஆர் கடற்கரைச் சாலை ஓரம்வரை நிற்கும். அந்த நாட்களில் பத்து நிமிடம் இருபது நிமிடமாகிவிடும். மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகள் உள்ள தெருவில் காலியாக ஒரு நல்ல கூடம் இருந்தது. கல் அறுக்கிற இயந்திரத்தின் சத்தத்தில் தாளம் கேட்காது என்று அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். இப்படி மூன்று வாரம் ஓடியது. எனக்கு அந்த நாட்கள் சந்தோஷமாகவே இருந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது வாரக் கடைசியில் வரைபடம் முழுமையாக வந்தது. செங்கல்பட்டில் புதுக் குடியிருப்புகள் பக்கம் ஒரு பச்சை. திருவிடந்தை அருகே ஒரு பச்சை. மூன்றாவது பச்சை எங்கள் காலனியின் மேல் விழுந்திருந்தது.

நான் பெரிதாக்கிப் பார்த்தேன். தவறில்லை. பெண்பிள்ளைகள் அதிகம், சுற்றி மூன்று பள்ளிகள், எட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு நடன வகுப்பும் இல்லை. காலனி நுழைவில் சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு தரைத்தளக் கூடம் வாடகைக்குக் காலியாக இருப்பதும் எனக்குத் தெரியும். எதிரே வேப்பமர நிழல், பக்கத்தில் காய்கறிக் கடை. அந்த அம்மாள் சொன்ன எல்லாமே அங்கே இருந்தன. அக்காவிடம் போனில் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. முடிவாகட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

வரைபடத்தைப் பார்க்க மேனேஜர் மட்டும் வந்தார். எங்கள் அலுவலகத் தலைவரும் நானும் அவரும் கணினி முன்னால் உட்கார்ந்தோம். முதல் இரண்டு இடங்களுக்குத் தலையசைத்தார். மூன்றாவதில் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"இது என்ன ஏரியா? வீடெல்லாம் நெருக்கமா இருக்கே. யார் இருக்காங்க இங்க?" என்று கேட்டார்.

அவர் என்ன கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. தலைவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கக்கூடியவை எத்தனையோ. பிள்ளைகள் இருக்கிறார்கள் சார் என்று சொல்லியிருக்கலாம். நான் அந்த ஊர்தான் சார் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

"அது கொஞ்சம் வேற மாதிரி ஏரியா சார்" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. குரல்கூட நடுங்கவில்லை. அவர் புரிந்துகொண்டவராகத் தலையை ஆட்டினார். பெற்றோர்கள் முதலில் விலாசத்தைத்தான் பார்க்கிறார்கள், பெயர் கெட்டுவிடும் என்று இரண்டு மூன்று வாக்கியங்களில் சுற்றிச் சுற்றிச் சொன்னார். பிறகு, இந்த மாதிரி இடங்களை எல்லாம் வரைபடத்திலிருந்து தனியாக எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். எங்கள் தலைவர், அப்படி ஒரு தகவல் எங்கேயும் கிடைக்காது, மக்கள்தொகை எண்ணிக்கை கிராம அளவில்தான் வரும், தெருத் தெருவாகப் பிரித்து யாரும் வைத்திருக்கவில்லை என்றார். அது உண்மை. பேச்சு அங்கே முடிந்திருக்க வேண்டும்.

"நான் பண்ணித் தரேன் சார். இந்தப் பக்கம் எனக்குத் தெரியும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல முறை என்னையே கேட்டிருக்கிறேன். அவருடைய அடுத்த கேள்வி என்னைப் பற்றியதாக இருந்துவிடுமோ என்ற பயம் ஒரு காரணம். சொந்த ஊருக்கு இழுக்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற எண்ணம் இன்னொன்று. இவை இரண்டையும் தாண்டி, தலைவருக்கே தெரியாதது எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்கிற ஆசையும் இருந்தது. அதுதான் இப்போது நினைத்தாலும் உடம்பைக் கூசவைக்கிறது.

ஒரு மத்தியானமும் ஒரு சாயங்காலமும் ஆனது. சாட்டிலைட் படத்தின் மேல் ஒவ்வொரு காலனியையும் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுத்தேன். வெளியாள் யாராலும் அவ்வளவு சரியாகச் செய்திருக்க முடியாது. எந்தத் தெருவில் தார் ரோடு முடிந்து சிமென்ட் ரோடு ஆரம்பிக்கும், சுடுகாட்டுப் பாதை எது, சர்ச் எங்கே இருக்கிறது, எந்தத் தொகுப்பு வீடுகள் ஒரே அளவில் வரிசையாக நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஈசிஆர் ஓரத்து மீனவக் குப்பங்களையும் சேர்த்தேன். அவற்றை யாரும் கேட்கவில்லை. நானாகவே சேர்த்தேன்.

எங்கள் காலனியைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்களுடையதுதான் முதல் வீடு. மாடியில் அப்பா வைத்த நீலத் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. கொடியில் ஏதோ துணி காய்ந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி மூலைக்கு மூலை புள்ளி வைத்து உள்ளே தள்ளினேன். எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிடலாமா என்ற எண்ணம் அன்று வரவில்லை. வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

மூன்றாவது பச்சை நகர்ந்து மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஊருக்குள் போய் உட்கார்ந்தது. மேனேஜர் மின்னஞ்சலில் பாராட்டினார். அந்தக் கோடுகள் உள்ள கோப்பையும் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். எதற்கென்று கேட்கவில்லை. அடுத்த சில மாதங்களில் மூன்று பள்ளிகளும் திறந்தன. வரைபடத்தில் திருத்தங்கள் வந்தால் செய்து கொடுக்கிற வேலையும் என்னிடமே இருந்தது.

ஒரு சனிக்கிழமை அக்கா போன் செய்தாள். ஊருக்குள் நடனப் பள்ளி வந்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு சேர்க்கப் போயிருக்கிறாள். புதுப் பாவாடை சட்டை போட்டுத் தலை பின்னிப் பூ வைத்துக் கூட்டிப்போனாளாம். வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறாள். கையிலிருந்த டேப்லெட்டில் வரைபடத்தைத் திறந்து, உங்கள் வீடு எது என்று தொட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறாள். அக்கா காட்டியதும் சிவப்பு எழுத்தில் சேவை எல்லைக்கு வெளியே என்று வந்திருக்கிறது. பள்ளியின் வேன் அங்கே வராது, அதனால் சேர்க்கை இல்லை என்றிருக்கிறாள். வேன் வேண்டாம், நடந்தே வந்துவிடுவோம், ரோட்டைத் தாண்டினால் வீடு என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"பத்து கிலோமீட்டர்லருந்து வர்ற பசங்கள சேத்துக்கிறாங்கடி. நாம ரோட்டாண்ட கீறோம்" என்றாள் அக்கா. "நீ மேப்பு வேலதான செய்ற. யாரோ நம்ம தெருவ தப்பா போட்டுகினு கீறாங்க. இன்னானு பாத்து சொல்லு."

அவள் குரலில் கோபமில்லை. ஒரு தவறு நடந்திருக்கிறது, தங்கைக்குத் தெரிந்த துறை, சரிசெய்துவிடுவாள் என்ற நம்பிக்கை இருந்தது. பார்க்கிறேன் அக்கா, சிஸ்டத்தில் ஏதாவது இருக்கும் என்றேன். பின்னாலிருந்து அவள் மகள், சித்தி எப்ப சொல்லும் என்று கேட்பது என் காதில் விழுந்தது.

நான் அனுப்பிய கோப்பைப் போட்டுத்தான் சேர்க்கை நடத்துகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. இடம் தேட மட்டும்தான் அது பயன்படும் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைத்ததாகச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. கோட்டை வரைந்தவள் நான்.

திங்கட்கிழமை காலையில் அலுவலகம் போனதும் கோப்பைத் திறந்தேன். அன்றைக்கே அந்தக் கோடுகள் உள்ள தாளை முழுதாக நீக்கியிருக்கலாம். நீக்கினால் மேனேஜர் ஏன் என்று கேட்பார், தலைவர் கேட்பார், கடைசியில் நான் எந்த ஊர் என்பது வெளியே வரும். அதனால் எங்கள் வீட்டு மூலையில் இருந்த இரண்டு புள்ளிகளைப் பிடித்து இழுத்து, எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவாக இருக்கிற சுவரின் மேல் கொண்டுபோய் வைத்தேன். எங்கள் வீடு மட்டும் விலக்கிய பகுதிக்கு வெளியே வந்துவிட்டது. சிறு திருத்தம் என்று எழுதி அனுப்பிவைத்தேன். ஒரு நிமிட வேலை. காலனியை வரைந்த நாளில்கூட நான் இந்த அளவுக்கு யோசித்து ஒரு தப்பைச் செய்யவில்லை.

அக்கா மறுபடி போய் மகளைச் சேர்த்துவிட்டு வந்தாள். தங்கச்சி சொல்லி மேப்பை மாற்றிவிட்டார்கள் என்று தெருவில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தையை நம்பிப் பக்கத்து வீட்டு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அவளும் அக்கா மகளும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு, ஒன்றாகவே பள்ளிக்குப் போகிறவர்கள். அந்த அம்மா மீன் கம்பெனியில் இறால் உரிக்கிறவர். அரைநாள் லீவு போட்டுப் போயிருக்கிறார். டேப்லெட்டில் வீட்டைத் தொட்டதும் அதே சிவப்பு எழுத்து வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனபோது அக்கா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாடி என்று கூப்பிடவில்லை. நானாகப் போய் நின்றேன். நடந்ததை எல்லாம் அவள்தான் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "நம்ம வூடு மட்டும் எப்பிடி உள்ள வந்துச்சி?" என்று கேட்டாள்.

சிஸ்டம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரிபண்ணும் என்று ஏதோ உளறினேன்.

அவள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். "நானும் அந்த டேப்ல பாத்தேன். கோடு நம்ம செவுத்து மேல போவுது. சிஸ்டம் செவுத்த பாத்து கோடு போடுமா?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

"யாரு போட்டது?"

"நான்தான்" என்றேன்.

"இந்த கோட்டயா, மொதல்ல போட்டதயா?"

"ரெண்டும் நான்தான்க்கா."

"மொதல்ல போடும்போது நம்ம வூட்டயும் சேத்தா போட்ட?"

"ஆமா."

அக்கா குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். சின்ன வயதில் அவள் என்னை அடித்திருக்கிறாள், முடியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அன்று அப்படி எதுவும் செய்யவில்லை.

"லேப்ல கேட்டா நானும்தான் ஊர் பேர மாத்தி சொல்லி கீறேன்" என்றாள் மெதுவாக. "இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது என்னோட போச்சி. நீ செஞ்சது அப்பிடி இல்ல." பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது. அவங்களாண்ட போய் சொல்லு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

உள்ளே அவள் மகள் நடுக்கூடத்தில் அரைமண்டியில் உட்கார்ந்து தட்டடவு போட்டுக்கொண்டிருந்தாள். முதல் வாரப் பாடம். சித்தி பாரு என்றாள். பார்த்தேன். பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

போய்ச் சொல்ல எனக்கு இன்னும் நான்கு நாள் ஆனது. மேனேஜரிடம் போகவில்லை. வியாழக்கிழமைகளில் அந்த அம்மாள் திருவிடந்தைப் பள்ளிக்கு வருவார் என்று தெரியும். லீவு போட்டுவிட்டு ஈசிஆர் பஸ்ஸில் போய் இறங்கினேன். உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் கதவோரம் ஒரு மணையில் உட்கார்ந்து தட்டுக்கழியால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு ஆசிரியையிடம் கழியைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். பக்கத்து அறையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். மோரைக் குடித்துவிட்டு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மேனேஜர் கேட்டது, நான் பதில் சொன்னது, நானாகவே வரைந்து தருகிறேன் என்றது, கேட்காத குப்பங்களையும் சேர்த்தது, எங்கள் வீட்டை மட்டும் வெளியே எடுத்தது. அது என் ஊர் என்பதையும் சொன்னேன். ஐந்து வருடத்தில் ஊர்ப் பெயரை வெளியாளிடம் சொன்னது அதுதான் முதல் முறை.

அந்த அம்மாள், நான் முடித்த பிறகு, "எனக்கு இந்தக் கோடு விஷயம் தெரியாதுன்னு சொல்லலாம். ஆனா அது பாதிதான் உண்மை" என்றார். "மூணாவது இடம் ஏன் மாறிச்சுன்னு நான் கேக்கவே இல்ல. கேட்டா என்ன பதில் வரும்னு தெரிஞ்சுதான் கேக்காம விட்டேன்னு நினைக்கிறேன்."

எனக்கு ஆறுதலாக அதை அவர் சொல்லவில்லை. அவர் முகம் அப்படி இல்லை. என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை. மேனேஜரைப் போனில் கூப்பிட்டு, அந்தக் கோடுகள் முழுவதையும் இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்றார். மறுமுனையில் அவர், அந்தக் கோப்பை நாம் தயாரிக்கவில்லை, செங்கல்பட்டுக்காரர்கள் தயாரித்துக் கொடுத்தது என்று சொல்வது எனக்கே கேட்டது. அதில் பொய்யில்லை.

எங்கள் தலைவருக்கு விஷயம் தெரிந்ததும் தன்னிடம் சொல்லாமல் வாடிக்கையாளரிடம் நேரே போனதற்காகக் கோபப்பட்டார். வேலையை விட்டு எடுக்கவில்லை, நடனப் பள்ளி வேலையை மட்டும் என்னிடமிருந்து வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். காரணம் கேட்டபோது அங்கேயும் ஊர்ப் பெயரைச் சொன்னேன். உடன் வேலை பார்த்த ஒருவர், இதில் என்ன இருக்கிறது, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். இன்னொருவர் அன்றிலிருந்து என்னிடம் தேவைக்கு மேல் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். டீ வாங்கப் போகும்போது எனக்கும் சேர்த்து வாங்கிவருவதை மட்டும் நிறுத்திவிட்டார். அதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

திருப்பி அனுப்பப்பட்டவர்களின் போன் எண்கள் பள்ளிகளில் இருந்தன. எல்லோரையும் கூப்பிட்டு வரச் சொல்ல வேண்டும் என்று அந்த அம்மாள் உத்தரவு போட்டார். சிலர் வந்தார்கள். சிலர் போனை எடுக்கவில்லை. குப்பத்திலிருந்து ஒரு தாய், இப்ப மட்டும் இன்னாத்துக்குக் கூப்பிடுறீங்க என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம். பள்ளிக் கட்டடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. எங்கள் பிள்ளைகள் இன்றும் லாரிகளுக்கு நடுவில் மெயின் ரோட்டைத் தாண்டித்தான் போய்வருகிறார்கள். சர்ச் பக்கத்துக் கூடத்தில் சிமென்ட் கடை வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெண் சேருகிற வரை அக்கா தன் மகளை வகுப்புக்கு அனுப்பவில்லை. பிறகு இரண்டு பேரையும் ஒன்றாக அனுப்பினாள். ஆறு மாதத்தில் அவள் மகளுக்கு நடனம் சலித்துவிட்டது. பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் சேர்ந்துகொண்டாள். அக்காவுக்கு வருத்தம்தான், ஆனாலும் கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் விடவில்லை. வகுப்பு இல்லாத நாட்களிலும் அவள் மாடியில் ஆடுவதை என் அம்மா என்னிடம் சொல்வார்.

அந்தப் பெண்ணின் முதல் மேடை மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மூன்று பள்ளிகளும் சேர்ந்து நடத்திய ஆண்டு விழா. அக்கா கூப்பிட்டதால் போனேன். கூப்பிடாமல் இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன். சிவப்புப் பட்டில், கால் நிறையச் சலங்கையோடு அந்தப் பெண் முன்வரிசையில் நின்று ஆடினாள். நடனத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

முடிந்து வெளியே வந்ததும் அவள் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இறால் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தன.

"நீ இல்லன்னா எம்பொண்ணு இங்க நின்னுருக்காது பாப்பா" என்றார். "யாரோ தப்பா போட்ட மேப்ப நீ சண்ட போட்டு சரி பண்ணியாமே. அக்கா சொல்லிச்சி."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அந்தப் பெண்ணின் தலையிலிருந்த பூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் சொல்ல வேண்டியது வாய் வரைக்கும் வந்தது. அந்த அம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று என்னிடமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"அவங்க பக்கத்து வூடு. அம்மாவும் அப்பாவும் தெனம் அவங்க மூஞ்சில முழிக்கணும்" என்றாள். "உனுக்காக சொல்லல."

அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. பண்டிகை நாட்களில் அந்த அம்மா எனக்கென்று தனியாகக் கிண்ணத்தில் பலகாரம் எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை நான் வருகிற வரைக்கும் காத்திருந்து கொண்டுவந்து கொடுக்கிறார். வாங்கிக்கொள்கிறேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.